சூடு கண்ட பூனையும் பத்தியச் சோறும்

(திருச்சியில் வாசகர் வட்டம் ஒன்றின் மாதக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறிமுகம் செய்தவர் என்னைப் ‘பூனை வைத்தியர்’ என்று சொல்லிவிட்டார். அந்தப் பெயருக்கு நான் உரியவன் அல்ல. அரசுப் பணியில் இருந்த 33 ஆண்டுகளும் மாடு, ஆடு, கோழி என்றே ஓடின. கறவை மாடு தீவனம் எடுக்கவில்லை என்றால் நடுராத்திரியில் கதவைத் தட்டுவார்கள். பூனை சாப்பிடவில்லை என்று ஒருவர்கூட வந்ததில்லை. பூனை தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும் என்பதுதான் அன்றைய எண்ணம். இன்று நிலைமை வேறு. மூன்றாவது மாடிக் குடியிருப்பில் வளர்ந்து, மண்ணையே மிதிக்காமல் 15 வயது வரை வாழும் பூனைகளைப் பார்க்கிறேன். ஆயுள் கூடினால் கிழட்டு நோய்களும் கூடவே வரும். அவற்றில் முன்வரிசையில் நிற்பது சிறுநீரக நோய். பத்து வயதைத் தாண்டிய பூனைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்கு அது ஏதோ ஓர் அளவில் இருக்கிறது என்பது பொதுவான கணக்கு.

அந்தப் பூனைக்கு என்ன சாப்பாடு போடுவது? இன்றைய பேச்சு இந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான். இதற்கு என் தகுதி மருத்துவப் பட்டம் அல்ல. நான் செய்த ஒரு தவறுதான் தகுதி. அதைக் கடைசியில் சொல்லாமல் நடுவிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் சுண்டு என்று ஒரு பெண் பூனை இருந்தது. அதற்கு 13 வயது ஆனபோது என் மனைவி ஒரு நாள், “ஏங்க, இது குளியலறை வாளியில போய்த் தண்ணி குடிக்குது, பார்த்தீங்களா?” என்றாள். வெயில் காலம், குடிக்கட்டும் என்றேன். இரண்டு வாரம் கழித்து, “மணல் தட்டுல கட்டி கட்டியா நனைஞ்சு கிடக்குது, முன்னெல்லாம் இப்படி இல்ல” என்றாள். அப்போதுதான் பூனையைத் தூக்கிப் பார்த்தேன். முதுகெலும்பு விரலில் தட்டியது. ஒரு காலத்தில் 4.2 கிலோ இருந்தது, 3.3 கிலோவாக இறங்கியிருந்தது. வைத்தியன் வீட்டுப் பூனை கண்ணெதிரே ஐந்தில் ஒரு பங்கு கரைந்திருக்கிறது, கண்டுபிடித்தது வைத்தியன் இல்லை.

ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 3.4 மில்லிகிராம், பாஸ்பரஸ் 6.8 மில்லிகிராம். சிறுநீர் தண்ணீர் போல வெளுத்திருந்தது. 1998இல் தொடங்கப்பட்ட ‘ஐரிஸ்’ என்ற பன்னாட்டுக் குழு இந்த நோயை நான்கு நிலைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. பூனையின் கிரியாட்டினின் 1.6 முதல் 2.8 வரை என்றால் இரண்டாம் நிலை. 2.9 முதல் 5 வரை மூன்றாம் நிலை. அதற்கு மேல் போனால் நான்காம் நிலை. சுண்டு மூன்றாம் நிலையில் இருந்தது.

இவ்வளவு முற்றிய பிறகுதானா தெரியும் என்று கேட்பீர்கள். அந்த உறுப்பின் சுபாவம் அப்படி. பூனையின் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 2 லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன. நெஃப்ரான் என்பார்கள். செத்த நெஃப்ரான் மறுபடி முளைக்காது. மிச்சமிருப்பவை அதன் வேலையையும் சேர்த்துப் பார்க்கும். நாலு பேர் வேலையை இரண்டு பேர் முணுமுணுக்காமல் செய்கிற வீடு அது. மூன்றில் இரண்டு பங்கு போன பிறகுதான் சிறுநீரைக் கெட்டியாக்கும் திறன் குறைகிறது, பூனை அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறது. நான்கில் மூன்று பங்கு போன பிறகுதான் கிரியாட்டினின் ஏறுகிறது. பூனையின் மூதாதை பாலைவனத்துக் காட்டுப்பூனை. வேட்டையாடிய இரையின் ஈரத்தைக்கொண்டே காலம் தள்ளி, சிறுநீரை மிக அடர்த்தியாக வெளியேற்றும் உடம்பு அதற்கு. அதனால் ஒரு பூனை தண்ணீர்ப் பாத்திரத்தைத் தேடித் தேடிப் போனால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி சாப்பாட்டுக்கு வருவோம். நம் ஊரில் ‘பத்தியம்’ என்ற சொல்லைக் கேட்டதும் மனதில் வருவது என்ன? ரசம் சாதம், கஞ்சி, மோர், உப்பில்லாக் கறி. பிள்ளை பெற்றவளுக்கு ஒன்று, மஞ்சள் காமாலைக்காரருக்கு ஒன்று என்று விதவிதமாக வைத்திருக்கிறோம். சிறுநீரகம் பழுதான மனிதரிடம் இறைச்சியைக் குறையுங்கள் என்று டாக்டர் சொல்கிறார். அதே வீட்டில் பூனைக்கும் அந்த நோய் என்றால் அதன் தட்டிலும் தயிர்சாதம் விழுகிறது. அன்பினால்தான் விழுகிறது. ஆனால் பூனைக்கு அது பத்தியம் அல்ல, பட்டினி.

பூனை கண்டிப்பான ஊனுண்ணி. நாய்கூட நம்மோடு இருந்து சோற்றுக்குப் பழகிவிட்டது, பூனை பழகவில்லை. டாரின் என்ற சத்தைத் தேவையான அளவு தன் உடம்பில் தயாரித்துக்கொள்ள அதனால் முடியாது. இறைச்சியிலிருந்துதான் வர வேண்டும். அது குறைந்தால் பூனையின் இதயத் தசை தளர்ந்து வீங்கிவிடும் என்று கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1987இல் காட்டினார்கள். அர்ஜினின் என்ற அமினோ அமிலம் இல்லாத ஒரு வேளை உணவே போதும், சில மணி நேரத்தில் ரத்தத்தில் அம்மோனியா ஏறிப் பூனை சுருண்டுவிடும். பூனையின் நாக்குக்கு இனிப்பே தெரியாது. கேசரியை அது முகர்வது நெய்யின் வாசனைக்காக.

இன்னொன்று. நமக்குப் புரதம் குறைந்தால் உடம்பு அடுப்பைச் சிம்மில் வைத்துக்கொள்ளும். பூனைக்கு அடுப்பை அந்த அளவுக்குக் குறைக்கத் தெரியாது. தட்டில் புரதம் இல்லையென்றால் தன் தசையையே விறகாக்கி எரிக்கும். தசை எரிந்தாலும் யூரியா என்ற கழிவு உண்டாகத்தான் செய்யும். ஆக, இறைச்சியை நிறுத்தி யூரியாவைக் குறைக்கிறேன் என்று கிளம்பினால் பூனையும் இளைக்கும், யூரியாவும் குறையாது. புரதத்தை மிதமாக்கலாம், அதுவும் நல்ல தரமான புரதமாக இருக்க வேண்டும். அடியோடு நிறுத்தக் கூடாது.

அப்படியானால் யாரைக் கட்டுப்படுத்துவது? பாஸ்பரஸை. நான் இன்று சொல்வதில் ஒரே ஒரு வேதியியல் பெயரை வீட்டுக்கு எடுத்துப் போவதானால் இதை எடுத்துப் போங்கள். சாப்பாட்டில் வரும் பாஸ்பரஸில் மிஞ்சியதை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. அது தளர்ந்தால் பாஸ்பரஸ் ரத்தத்தில் தங்குகிறது. அதைச் சமாளிக்கச் சுரப்பிகள் முடுக்கப்படுகின்றன, எலும்பிலிருந்து சுண்ணாம்பு இறங்குகிறது. சுண்ணாம்பும் பாஸ்பரஸும் சேர்ந்து மென்மையான உறுப்புகளில் படிகின்றன. அப்படிப் படியும் இடங்களில் சிறுநீரகமும் ஒன்று. நோய் தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது. கந்துவட்டி போல, கட்டாத வட்டி அசலில் ஏறுகிறது. ரத்தத்தில் பாஸ்பரஸை 4.6 மில்லிகிராமுக்குக் கீழே வைப்பது நல்லது என்பது ஐரிஸ் குழுவின் பரிந்துரை. முற்றிய நிலைகளில் 5, 6 வரை விட்டுக்கொடுக்கிறார்கள்.

பாஸ்பரஸ் எதில் அதிகம்? நாம் பூனைக்கு ஆசையாகக் கொடுப்பதிலெல்லாம் அதிகம். முள்ளோடு தின்னும் நெத்திலி, கருவாடு, பால், ஈரல். முட்டையை எடுத்துக்கொண்டால் ஒரே ஓட்டுக்குள் இரண்டு உலகம். 100 கிராம் மஞ்சள் கருவில் ஏறத்தாழ 390 மில்லிகிராம் பாஸ்பரஸ், அதே எடை வெள்ளைக் கருவில் 15 மில்லிகிராம்தான். வெள்ளைக் கரு உயர்ந்த புரதம், பாஸ்பரஸ் கிட்டத்தட்ட இல்லை. எங்கள் வீட்டில் அவித்த முட்டையின் மஞ்சள் எனக்கும் வெள்ளை சுண்டுவுக்கும் என்று கடைசிவரை பாகம் பிரிந்தது. என் கொலஸ்ட்ரால் பற்றி இங்கே பேச வேண்டாம்.

பாலைப் பற்றி ஒரு வார்த்தை. பூனை என்றால் பால் என்று பாட்டி காலத்திலிருந்து முடிவு செய்துவிட்டோம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் சர்க்கரை செரிக்காது, வயிற்றுப்போக்கு வரும். சிறுநீரகப் பூனைக்கு உடம்பில் நீர் வற்றுவதுதான் பெரிய ஆபத்து. அதோடு பாலில் பாஸ்பரஸும் உண்டு.

பத்தியத் தீனி என்று கடையில் விற்பது வெறும் வியாபாரமா, உண்மையில் பலன் உண்டா என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இதன் கதை ஒரு நாயிலிருந்து தொடங்குகிறது. 1939இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் மார்க் மாரிஸ் என்ற கால்நடை மருத்துவர், பார்வையற்ற ஒருவரின் வழிகாட்டி நாய்க்குச் சிறுநீரகம் பழுதானபோது அதற்கென்று தனியாக உணவு தயாரித்தார். மனைவியும் அவரும் வீட்டுச் சமையலறையில் சமைத்துக் கண்ணாடி ஜாடியில் அடைத்து அனுப்பினார்கள். வழியில் ஜாடி உடைந்ததால் தகர டப்பாவுக்கு மாறினார்கள். 1948இல் கான்சாஸ் மாநிலத்து ஹில் நிறுவனம் அதைத் தொழிற்சாலையில் தயாரிக்கத் தொடங்கியது. உணவையே மருந்தாக டப்பாவில் அடைக்கும் வழக்கம் அப்படி வந்தது.

பூனைகளுக்குச் சான்று கிடைக்க அரை நூற்றாண்டு ஆனது. 2000இல் லண்டனின் ராயல் கால்நடைக் கல்லூரியிலிருந்து வந்த ஆய்வில், பத்தியத் தீனி தின்ற பூனைகளின் இடைநிலை ஆயுள் 633 நாள், தின்னாதவற்றுக்கு 264 நாள். இதில் ஒரு ஓட்டை உண்டு. தின்ன மறுத்த பூனைகளும் இரண்டாவது கூட்டத்தில்தான் சேர்ந்தன. தின்ன முடியாத பூனை அதிக நோயுற்றதாகவே இருந்திருக்கலாம் அல்லவா? அந்த ஓட்டையை 2006இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு அடைத்தது. 45 பூனைகள். எதற்கு எந்தத் தீனி என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்து இரண்டு ஆண்டு கவனித்தார்கள். சாதாரணத் தீனி தின்ற 23 பூனைகளில் 5 சிறுநீரகக் கோளாறால் இறந்தன. பத்தியத் தீனி தின்ற 22இல் அந்தக் காரணத்தால் ஒன்றுகூட இறக்கவில்லை. எனவே பலன் உண்டு. அதில் பாஸ்பரஸ் சாதாரணத் தீனியில் இருப்பதில் ஏறத்தாழ பாதி. புரதம் மிதம். பொட்டாசியம், பி வைட்டமின்கள், மீன் எண்ணெயின் ஒமேகா-3 ஆகியவை கூடுதல்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்த பிறகுதான் அந்தத் தவறைச் செய்தேன்.

சுண்டுவை மருத்துவமனையில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். குமட்டல் தாங்காமல் கூண்டின் மூலையில் கிடந்தது. ஒரு நாளையும் வீணாக்கக் கூடாது என்ற அவசரம் எனக்கு. பத்தியத் தீனி பாக்கெட் ஒன்றை வாங்கி, கிரேவியை விரலில் தொட்டு அதன் வாயில் தடவினேன். அது எச்சில் வழிய நாக்கைச் சுழற்றியது. மறுபடி தடவினேன். வாந்தி எடுத்தது. மாலையில் மறுபடியும். மூன்று நாள் இப்படி.

வீட்டுக்கு வந்தது. ரத்த அளவுகள் இறங்கின, பசியும் திரும்பியது. இப்போது அந்தப் பாக்கெட்டைப் பிரித்தேன். சத்தம் கேட்டதுமே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. தட்டில் வைத்தால் பக்கத்துத் தரையைப் பிறாண்டி, மலத்தை மூடுவது போல மூடப் பார்த்தது. நான்கு மாதம் அந்தத் தீனியின் வாசனை வந்த திசைக்கே அது போகவில்லை.

இந்த விஷயம் நமக்குத் தெரியாததா? தெனாலிராமன் கதையை எத்தனை முறை கேட்டிருப்போம். எலித் தொல்லையை ஒழிக்க ராயர் வீட்டுக்கொரு பூனையும், அதற்குப் பால் கொடுக்கப் பசுவும் தந்தார். ராமன் முதல் நாளே கொதிக்கக் கொதிக்கப் பாலை வைத்தான். நாக்கு வெந்த பூனை அதன் பிறகு பாலைக் கண்டாலே ஓடியது. கதையில் நாம் ராமனின் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்துச் சிரித்தோம். பூனையின் இயல்பைக் கவனிக்கவில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்று பழமொழியும் வைத்திருக்கிறோம். ஒரு சாப்பாட்டைத் தின்றபோது உடம்புக்கு ஆகவில்லை என்றால், குற்றம் நோயுடையதா சாப்பாட்டினுடையதா என்று பூனை ஆராயாது. சாப்பாட்டின் மேல் பழி போட்டு ஒதுக்கிவிடும். காட்டில் நஞ்சிலிருந்து உயிரைக் காத்த புத்தி அது. நான் ராமன் செய்ததைத்தான் செய்தேன். அவன் வேண்டுமென்றே செய்தான், நான் அன்போடு செய்தேன். பூனைக்கு இரண்டும் ஒன்றுதான்.

இதிலிருந்து நான் கற்றது ஒரு வரிசை. முதலில் குமட்டல் தீர வேண்டும். அடுத்து பூனை ஏதாவது ஒன்றை வயிறாரத் தின்ன வேண்டும். பத்தியம் மூன்றாவதுதான். நம்மில் பெரும்பாலோர் மூன்றாவதிலிருந்து தொடங்குகிறோம்.

குமட்டல் இருப்பது எப்படித் தெரியும்? வாந்தி எடுத்தால்தான் குமட்டல் என்று இல்லை. பூனை தட்டுக்கு ஆவலாக ஓடிவரும், முகரும், உதட்டை நக்கும், எச்சிலை விழுங்கும், திரும்பிப் போய்விடும். இதைப் பார்த்து, “திமிர், ருசி கேக்குது” என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அது திமிர் இல்லை. பசியும் குமட்டலும் ஒரே நேரத்தில் இருக்கும் அவஸ்தை. மசக்கைக்காரப் பெண்களைக் கேளுங்கள், சொல்வார்கள். இதற்கு மருந்துகள் உண்டு. வாந்தியை நிறுத்தும் மாரோபிட்டன்ட் இருக்கிறது. பசியைத் தூண்டும் மிர்டாசபினைக் காது மடலின் உட்புறத்தில் தடவும் களிம்பாகவே செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2018இல் பூனைகளுக்கென்று அதற்கு அனுமதி கிடைத்தது. மாத்திரை விழுங்க வைக்கும் போராட்டம் மிச்சம். உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

பசி வந்த பிறகு மாற்றத்தைத் தொடங்குங்கள். பழைய தீனியில் ஒரு சிட்டிகை புதியது. மூன்று நான்கு நாள் மறுப்பில்லாமல் தின்றால் இன்னொரு சிட்டிகை. ஒரு மாதம் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். அவசரப்பட என்ன இருக்கிறது? இந்த நோய் நாள் கணக்கில் ஓடுவது அல்ல. சுண்டுவுக்கு ஐந்தாவது மாதம் வேறு நிறுவனத்தின் தீனியை, வேறு தட்டில், வேறு அறையில் வைத்துத் தொடங்கினோம். மருந்தை மட்டும் தீனியில் கலக்கவே இல்லை. கசப்பை ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் அந்தத் தீனியும் கட்டிலுக்கடியில்தான் முடியும்.

எங்கள் வீட்டு இரவுச் சாப்பாட்டை அப்படியே சொல்கிறேன். ஒரு கிண்ணத்தில் சுடுதண்ணீர். அதன்மேல் தீனி வைத்த தட்டையான எவர்சில்வர் தட்டு. ஐந்து நிமிஷம். என் மனைவி புறங்கையில் ஒரு சொட்டு கிரேவி வைத்துப் பார்ப்பாள், குழந்தைக்குப் புட்டிப்பால் பார்ப்பது போல. உடம்புச் சூடு, 37, 38 டிகிரி. அப்போது பிடித்த எலியின் சூடு அது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த தீனிக்கு வாசனை எழாது, வாசனை எழாத தீனி பூனைக்குச் சாப்பாடே இல்லை. தட்டில் வைப்பது இரண்டு தேக்கரண்டிதான். தின்றால் இன்னும் இரண்டு. ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை. பக்கத்தில் உட்கார்ந்து, முதுகை ஒருமுறை தடவிவிட்டு, பிறகு வேறு பக்கம் பார்க்க வேண்டும். வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் அது எழுந்து போய்விடும். பத்து நிமிஷத்தில் தின்னாவிட்டால் தட்டை எடுத்துவிடுவோம். கெஞ்சுவதில்லை, வாயில் திணிப்பதுமில்லை.

அடுத்தது தண்ணீர். நாளொன்றுக்குக் கிலோவுக்குச் சுமார் 50 மில்லி என்று வைத்துக்கொண்டால் மூன்றரைக் கிலோ பூனைக்கு 175 மில்லி வேண்டும். உலர்ந்த தீனியில் ஈரம் பத்து சதவீதத்துக்கும் குறைவு. கிரேவித் தீனியில் 75, 80 சதவீதம். அதனால் முடிந்தவரை ஈரத் தீனி நல்லது. அதிலும் ஒரு மேசைக்கரண்டி வெந்நீர் விட்டுக் குழையுங்கள். தண்ணீரைச் சாப்பாட்டுத் தட்டின் பக்கத்திலேயே வைக்காமல் வீட்டில் மூன்று நான்கு இடங்களில், மீசை இடிக்காத அகலப் பாத்திரத்தில் வையுங்கள். சுண்டு கடைசிவரை விரும்பியது அந்தக் குளியலறை வாளியைத்தான். நாங்கள் வாளியைக் கழுவி வைக்கப் பழகிக்கொண்டோம். சில பூனைகளுக்குத் தோலுக்கடியில் திரவம் ஏற்ற வேண்டியிருக்கும். மருத்துவர் சொல்லிக் கொடுத்தால் வீட்டிலேயே செய்யலாம்.

சில சீட்டுகள் வந்திருக்கின்றன. படித்துவிடுகிறேன்.

“பத்தியத் தீனி விலை கட்டுப்படியாகவில்லை, வீட்டிலேயே சமைக்கலாமா?” நம் ஊருக்கான கேள்வி இது. ஒளிக்காமல் சொல்கிறேன், கடினம். சிறுநீரக நோயுள்ள நாய்க்கும் பூனைக்கும் என்று புத்தகங்களிலும் இணையத்திலும் இருந்த 67 சமையல் குறிப்புகளை டேவிஸ் ஆய்வாளர்கள் சோதித்து 2012இல் எழுதினார்கள். எல்லாச் சத்தும் தேவையான அளவில் இருந்த குறிப்பு ஒன்றுகூட இல்லை. ஏன் என்பதற்கு ஒரே உதாரணம். கோழியை வேகவைத்துத் தண்ணீரை வடித்தால் பாஸ்பரஸில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரோடு போகும், நல்லது. ஆனால் டாரினும் அதே தண்ணீரில் கரைந்து போகும். தண்ணீரை வைத்தால் ஒரு நஷ்டம், கொட்டினால் ஒரு நஷ்டம். எனவே வீட்டில் சமைப்பதானால் டாரினும் கால்சியமும் எவ்வளவு சேர்ப்பது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிச் செய்யுங்கள். முழுவதும் முடியாதவர்கள் சாதாரண ஈரத் தீனியோடு வெந்த கோழியும் வெள்ளைக் கருவும் கொஞ்சம் கலக்கலாமா என்றும் அவரிடமே கேளுங்கள். வெங்காயம், பூண்டு ஒரு துளியும் வேண்டாம். பூனையின் சிவப்பணுக்களை அவை சிதைக்கும்.

“எலும்பு சூப் கொடுத்தால் தெம்பு வருமா?” இப்போதுதான் சொன்னேன், கறியின் பாஸ்பரஸ் இறங்குவது அந்தத் தண்ணீரில்தான். உப்பும் மசாலாவும் சேர்ந்தால் இன்னும் மோசம். நீங்கள் குடியுங்கள்.

“பாஸ்பரஸைக் கட்டும் மருந்து இருக்கிறதாமே?” இருக்கிறது. தீனியால் மட்டும் அளவு இறங்காவிட்டால் மருத்துவர் எழுதுவார். அது வயிற்றுக்குள் தீனியின் பாஸ்பரஸைப் பிடித்துக்கொண்டு வெளியேறும். அதனால் சாப்பாட்டு நேரத்திலேயே போய்ச் சேர வேண்டும், வெறும் வயிற்றில் கொடுத்தால் வீண். இங்கே என் மருந்து கலக்காத விதி இடிக்கிறது என்று நினைப்பீர்கள். வாசனையில்லாத தூளாகக் கிடைப்பதை மிகக் குறைவாகத் தொடங்கிப் பழக்கலாம். உங்கள் வீட்டுக் கால்சியம் மாத்திரையைப் பொடித்துப் போட்டுவிடாதீர்கள். அவற்றில் பலவற்றில் வைட்டமின் டி3 சேர்ந்திருக்கும். அது பூனையின் சிறுநீரகத்தில் மீதியிருப்பதையும் கெடுத்துவிடும். பூனைக்குக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுப்பதும் கூடாது, ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடலாம்.

“எங்கள் பூனை தலையைத் தூக்க முடியாமல் தாடையை மார்பில் வைத்துக்கொண்டே நடக்கிறது.” இந்தச் சீட்டை எழுதியவர் தள்ளிப்போட வேண்டாம், நாளை காலையிலேயே ரத்தத்தில் பொட்டாசியம் பாருங்கள். சிறுநீரில் பொட்டாசியம் போய்க் கழுத்துத் தசை தளர்வது இந்த நோயில் நடப்பதுதான். பொட்டாசியம் கொடுத்தால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.

“எதுவுமே தின்னவில்லை என்றால் எத்தனை நாள் பார்க்கலாம்?” இரண்டு நாளுக்கு மேல் பார்க்காதீர்கள். பட்டினி கிடக்கும் பூனையின் உடம்புக் கொழுப்பு கல்லீரலில் வந்து தேங்கும். சிறுநீரகத்தைக் காப்பாற்றப் போய்க் கல்லீரலை இழப்போம். கழுத்து வழியாக உணவுக்குழாயில் சிறு குழாய் வைத்து ஊட்டும் முறை உண்டு. கேட்கப் பயமாக இருக்கும், பூனைக்கு அவ்வளவு தொந்தரவு இல்லை. குழாயோடு நடமாடும், படுக்கும், தின்னவும் செய்யும்.

இன்னொரு சீட்டில் கேள்வி இல்லை, ஒரு வாக்கியம்தான்: “என் பூனை பத்தியத் தீனியைத் தொடவே மாட்டேன் என்கிறது, நான் குற்றவாளியாக உணர்கிறேன்.” அம்மா, வேண்டாம். தின்னாத பத்தியத் தீனியைவிடத் தின்னும் சாதாரணத் தீனி மேல். பாஸ்பரஸ் குறைந்த சாதாரண ஈரத் தீனி எது என்று மருத்துவரோடு உட்கார்ந்து பாருங்கள், கட்டும் மருந்தைச் சேருங்கள். நான்காம் நிலையின் கடைசி வாரங்களில் பத்தியமே வேண்டாம். அது கேட்பதைக் கொடுங்கள். சுண்டு தன் கடைசி நான்கு நாளும் மத்தி மீன் தின்றது. நோய் தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டும் சில வாரங்களும் எங்களோடு இருந்தது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பூனை இளைப்பது கண்ணுக்குத் தெரியாது, ரோமம் மறைத்துவிடும். மூன்று கிலோ பூனை 100 கிராம் இழப்பது 60 கிலோ மனிதர் இரண்டு கிலோ இழப்பதற்குச் சமம். தராசு மட்டும்தான் அதைச் சொல்லும். எங்கள் சமையலறையில் மாதக் காலண்டர் ஒன்று தொங்குகிறது. அதன் கட்டங்களில் என் மனைவி பால் கணக்கு எழுதுவாள். நோய் வந்த பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்திலும் பால் கணக்குக்குக் கீழே சுண்டுவின் எடையையும் எழுதினாள். 3.3, 3.3, 3.4. அந்த வரிசையைப் பார்த்துத்தான் எங்கள் மருத்துவர் ஒவ்வொரு முறையும் மருந்தை மாற்றினார். நோய் வருவதற்கு முன்பே அதை எழுதத் தொடங்கியிருந்தால் இன்று இந்தப் பேச்சுக்கே அவசியம் இருந்திருக்காது.

உங்கள் பூனைக்கு ஏழு வயது ஆகிவிட்டதா? வரும் ஞாயிற்றுக்கிழமை அதைத் தூக்கி எடை போட்டுக் காலண்டரில் எழுதுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை ரத்தமும் சிறுநீரும் சோதியுங்கள்.